நோயாளி எண் 1042 யாருடையது?

கிளைக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் தனிப் பகுதி) என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பிரித்து வைத்திருந்த ஒரு மருத்துவமனைக் குழுமம், எல்லாத் தரவையும் ஒரே டேபிளில் சேர்த்துத் தரும்படி என்னை அழைத்தது. நோயாளி எண் 1042-ஐத் தேடினால் மூன்று கிளைகளில் மூன்று பேர். மாத அறிக்கைக்காக முன்பே யாரோ அந்த எண்ணை மட்டும் வைத்து டேபிள்களை இணைத்திருந்தார்கள். ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. இதே கோளாறை இன்னும் எத்தனை இடங்களில்தான் பார்ப்பது?

"பிரைமரி கீ போட்டிருக்கிறோமே, பிறகு எப்படி மோதும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் பிரைமரி கீ காவல் காப்பது தன்னுடைய டேபிளை மட்டுமே. பக்கத்து ஸ்கீமாவில் அதே பெயரில், அதே அமைப்பில் ஒரு டேபிள் இருந்தாலும் அங்கே எந்த எண் பதிவாகிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்கீமாவுக்கு ஒரு சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்ணை எடுத்துத் தரும் எண்ணி) என்றால் எல்லாமே 1-இல் தொடங்கும். ஆகவே மோதல் தற்செயல் அல்ல, முதல் நாளே உறுதியாகிவிட்டது. சேர்க்கும் நாள் வரை கண்ணில் படாது, அவ்வளவுதான்.

தரவுத்தளம் ஒன்றுதான் என்றால் பொது ஸ்கீமாவில் ஒரே ஒரு சீக்வென்ஸ் வையுங்கள். எல்லா ஸ்கீமாக்களும் அதிலிருந்தே எண் எடுக்கட்டும். கீ பிக்இன்ட் (பெரிய முழு எண்) வகையில் இருக்கட்டும். சாதாரண இன்டிஜர் 214 கோடி சொச்சத்தில் முடிந்துவிடும். பதிவு பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பாது, இடைவெளி விழும். விழட்டும்! ரசீது எண் தொடர்ச்சியாக வேண்டுமென்றால் அதை டேபிளில் தனி நெடுவரிசையாக வையுங்கள், கீ-யின் தலையில் கட்டாதீர்கள்.

சர்வர்கள் பல என்றால், எந்த சர்வரில் உருவாக்கினாலும் நடைமுறையில் மோதாத நீண்ட அடையாளமான யுயுஐடி-யின் 7ஆம் பதிப்பு. 2024-இல் தரப்படுத்தப்பட்டது, நேர வரிசையில் வருவதால் 4ஆம் பதிப்பைப் போல இன்டெக்ஸை (தேடலை வேகப்படுத்தும் பட்டியலை) சிதறடிக்காது. போஸ்ட்கிரெஸ் 18-இல் அதற்கான ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது.

இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து 1 கூட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் இருவர் பதிவு செய்தால் இருவருக்கும் ஒரே எண்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதா? பழைய எண்ணை அழிக்காதீர்கள், நோயாளியின் கையில் இருக்கும் அட்டையில் அதுதான் இருக்கிறது. கிளைக் குறியீட்டையும் பழைய எண்ணையும் சேர்த்து யுனிக் (இரண்டு முறை வராதது) ஆக்கி, புதிய கீ ஒன்றைக் கொடுங்கள். பரிசோதனை, மருந்து, கட்டணம் என்று அந்த எண்ணைச் சுட்டும் ஒவ்வொரு டேபிளையும் புதிய கீ-க்கு மாற்றிச் சரிபார்த்த பிறகே அறிக்கையைத் திறந்துவிடுங்கள்.