சர்டிஃபிகேட்டை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை. கலிஃபோர்னியாவில், பே ஏரியாவுக்குச் சற்று வெளியே, நம் தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்தும் ஆறு பெட் போர்டு அண்ட் கேர் வீடு, அதாவது முதியவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் சின்ன இல்லம். இன்ஸ்பெக்ஷன் வரப்போகிறது, பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள் அக்கா என்று கூப்பிட்டிருந்தார்கள். மருந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். இன்னும் வராத சனிக்கிழமை ராத்திரி மாத்திரை வரை, கொடுத்தாகிவிட்டது என்று கையெழுத்து போட்டிருந்தது. ஒரே நீல மை, எல்லாக் கட்டத்திலும் ஒரே அவசரக் கிறுக்கல்.

அடுத்து, கடைசி அறையில் இருந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். தோல் போய், உள்ளே கொழுப்புத் தெரிந்தது. கேர்கிவர் பெண் பத்து நாளாக வாசலின் தடவியிருக்கிறாள். வேறு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டை நடத்தும் பொறுப்பாளர், அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர் எங்கே என்று கேட்டேன். "சர்டிஃபிகேட் எங்க மச்சான் பேர்ல இருக்கு அக்கா. அவர் சாக்ரமெண்டோவுல இருக்கார். மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போவார்."

இந்த வருடம் இப்படி நான் பார்த்த மூன்றாவது வீடு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் முதியோர் இல்லம் நடத்த இரண்டு தனித்தனி விஷயங்கள் வேண்டும். ஒன்று, வீட்டுக்கான லைசென்ஸ். அதை மாநில சமூக சேவைத் துறையின் லைசென்ஸிங் பிரிவு கொடுக்கிறது. இன்னொன்று, அதை நடத்தும் ஆள் 80 மணி நேர வகுப்பும் பரீட்சையும் முடித்து வாங்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் சர்டிஃபிகேட். லைசென்ஸ் வாங்கியவரே அட்மினிஸ்ட்ரேட்டராகவும் இருக்கலாம். ஆனால் சர்டிஃபிகேட் சுவரில் மாட்டுவதற்கான காகிதம் இல்லை. அது ஒரு ஆளுக்குக் கொடுத்தது. அந்த ஆள், நிர்வாகத்தை ஒழுங்காகக் கவனிக்கப் போதுமான நேரம் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் யார் பொறுப்பு என்றும் முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் எந்தக் கணக்கிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக மாட்டார். பேர் கொடுத்தவர் நல்லவர்தானே, சொந்தக்காரர்தானே என்று கேட்கிறார்கள். இருக்கட்டும். படித்தது அவர். புண்ணைப் பார்க்கிறது படிக்காத ஆள். அந்த அம்மாவுக்கு அவர் படிப்பால் என்ன பிரயோஜனம்?

"நான் நர்ஸ், எனக்கு எதற்கு வகுப்பு?" என்பது அடுத்த கேள்வி. நானும் நர்ஸ்தான். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று கற்றேன். யாரை என் வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பதை இந்த 80 மணி நேர வகுப்பில்தான் கற்றேன். மூன்றாம், நான்காம் நிலைக்குப் போன ஆழமான படுக்கைப் புண், உணவு செலுத்தப் பொருத்திய டியூப், மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட துளை போன்றவை உள்ளவர்களை, ஹாஸ்பிஸ் (கடைசிக் காலப் பராமரிப்பு) போன்ற தனி அனுமதி இல்லாமல் இந்த இல்லங்களில் வைத்திருக்க முடியாது. நர்சிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேட்டர் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு முழு வகுப்பும் பரீட்சையும் கிடையாது, ஆனால் அவர்கூடத் தப்ப முடியாது. 12 மணி நேரம் உட்கார்ந்து சட்டமும் மருந்து நிர்வாகமும் கேட்டாக வேண்டும். நமக்கு மட்டும் எப்படி விலக்கு வரும்?

முன்பு அட்மினிஸ்ட்ரேட்டர் வகுப்பு 40 மணி நேரமாக இருந்தது. 2013 அக்டோபரில் காஸ்ட்ரோ வேலியில் ஓர் இல்லத்தை மூடச் சொல்லி உத்தரவானது. ஊழியர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள், பத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் உள்ளேயே இருந்தார்கள். சமையல்காரரும் துப்புரவுத் தொழிலாளியும் மட்டும் போகாமல் நின்று, நாள்கணக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதை அடுத்து வந்த சட்டங்களால்தான் 2016 முதல் 80 மணி நேரம் ஆனது. வகுப்பு முடிந்ததும் 100 கேள்விப் பரீட்சை, கைரேகைச் சோதனை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 40 மணி நேரத் தொடர் வகுப்பு, அதில் 8 மணி நேரம் மறதி நோய் பற்றி. ஆறு பெட்டுக்கு 21 வயதும் பள்ளிப் படிப்பும் போதும். 16 பெட்டோ அதற்கு மேலோ என்றால் கூடுதல் படிப்பும் அனுபவமும் கேட்பார்கள்.

ஊழியர்களுக்கும் 40 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 20 மணி நேரம் முடியாமல் யாரையும் தனியாக விடாதீர்கள். மருந்து கொடுக்க உதவும் ஆளுக்குச் சின்ன வீட்டிலும் 10 மணி நேரம் தனிப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வது. மாத்திரையை வாயில் போட்ட பிறகுதான் கையெழுத்து. இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், அப்பா அம்மாவைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு. புது பெயிண்ட், பூத்தொட்டி, பெரிய டிவி இதையெல்லாம் அப்புறம் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் யார், சர்டிஃபிகேட் எப்போது முடிகிறது, வாரத்தில் எந்த நாட்களில் இங்கே இருப்பார் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். அவர் இருப்பதாகச் சொன்ன நாளில் சொல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இல்லத்தின் இன்ஸ்பெக்ஷன் அறிக்கையும் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் வரும். ஒரு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள்.

பேர் கொடுக்கச் சொல்லி யாராவது உங்களிடம் கேட்டால், தயவு செய்து முடியாது என்று சொல்லிவிடுங்கள். மச்சானாக இருந்தாலும் சரி.

அந்த அம்மாவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்படிப்பட்டதைப் பார்த்தால் புகார் செய்ய வேண்டியது சட்டப்படி என் கடமை, செய்தேன். அந்த வீட்டுக்காரர்களுக்கு என்மேல் கோபம். அம்மா இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். புண் மெதுவாக ஆறுகிறது, இன்னும் நேராக உட்கார முடியவில்லை.