கேரல் தாண்டிப் போகும் வீடுகள்

“இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லைங்க.”

நவம்பர் கடைசி வாரம் தொடங்கிவிட்டால், என்னைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். அந்த வருஷத்தில் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். மார்ச்சில் அப்பா, ஆகஸ்டில் கணவர், சில வீடுகளில் போன மாதம்தான் ஒரு பிள்ளை. சொன்ன கையோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தூக்கம் வரவில்லை, சர்க்கரை ஏறிவிட்டது, மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று பேச்சு நீளும். வந்த காரியம் என்னவோ அந்த முதல் வரியில்தான் இருக்கும்.

நான் வேலூரில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இங்கே சொல்லப்போகிற எல்லாரும் என்னிடம் வந்தவர்கள்தான். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். டிசம்பர் எனக்கு மிகவும் பிடித்த மாதம். காட்பாடி காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறும். லாங் பஜாரில் மைதா, நெய், முந்திரி வாங்கும் கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது. ராத்திரி பதினொரு மணிக்கும் எங்கோ ஒரு தெருவில், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிப் போகும் கேரல் குழுவின் கிட்டாரும் டிரம்மும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இன்று எந்த வீட்டைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

துக்க வீட்டில் நட்சத்திரம் போடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களும் அந்த வாசலில் நிற்பதில்லை. நம் பக்கத்துச் சபைகளில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் இது. மரியாதையாகத்தான் செய்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மரியாதை வாசலுக்கு உள்ளே இருப்பவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று நாம் கேட்பதில்லை.

கணவரை இழந்த ஓர் அம்மா. வயது அறுபதுக்கு மேல். அவர் கணவர் பல வருஷம் பாடகர் குழுவில் ‘பாஸ்’ என்கிற கீழ்க்குரலில் பாடியவர். அவர் இறந்த வருஷம் டிசம்பரில் குழு அந்தத் தெருவுக்கு வந்தது. “பக்கத்து வூட்ல பாடினாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எங்க வூட்ட தாண்டறப்ப டிரம்மகூட அடிக்கல. அப்புறம் எதிர் வூட்ல பாடிகினு இருந்தாங்க. நான் லைட்ட அணைச்சிட்டு கதவு பின்னாடியே நின்னுகினு இருந்தேன்.” பையன்கள் வந்தால் கொடுக்கலாம் என்று ஃபிளாஸ்கில் இஞ்சி டீ போட்டு வைத்திருந்தாராம். அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். கணவர் இறந்த நாளைப் பற்றிப் பேசியபோது வராத அழுகை அது.

அந்தப் பையன்கள் தவறு எதுவும் செய்யவில்லை. டிரம்மை நிறுத்தி நடந்ததே எவ்வளவு பெரிய மரியாதை! முன்கூட்டி ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். “ஆன்ட்டி, பதினெட்டாம் தேதி உங்க தெருவுக்கு வர்றோம். உள்ள வந்து பாடட்டுமா? வாசல்ல நின்னு ஒரே ஒரு பாட்டு பாடட்டுமா? இல்ல, ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போகட்டுமா?” வேண்டாம் என்று சொன்னால் அந்த முடிவு அவருடையதாக இருக்கும். நான் பேசிய வரையில் பெரும்பாலானோர் நடுவில் உள்ளதைத்தான் கேட்கிறார்கள்: வாசலில் நின்று ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

கொண்டாடாமல் இருக்கும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழக்கம் மனிதரைப் புரிந்தவர்கள் வைத்த வழக்கம். சிரித்த முகத்தோடு எல்லாரையும் வரவேற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது ஒரு வருஷம் விடுதலை தருகிறது. ஆனால் முன்பு அதற்கு இன்னொரு பாதி இருந்தது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் சொந்தக்காரர்கள் அதிரசமும் முறுக்கும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் ராத்திரி தங்குவார்கள். இன்று நட்சத்திரம் போடாத பாதி அப்படியே நிற்கிறது, வந்து தங்குகிற பாதி போய்விட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் வருகிறது.

துக்கத்தைப் பற்றிப் படித்தவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள், ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் துக்கம் தீர்ந்தது என்று நம்புகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் விவரித்தது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்தை வைத்து. இறந்தவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் அதையே பொருத்திவிட்டோம். “நாலு மாசம் ஆச்சு, இன்னும் எனக்குக் கோவம்தான் வருது, நான் சரியாயில்லையா?” என்று கேட்கிற மகன்களைப் பார்க்கிறேன். அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது.

எனக்கு அதிகம் உதவுவது நெதர்லாந்தின் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த பார்வை. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய் வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: போட்டோவைப் பார்ப்பது, அழுவது, ஏங்குவது. இன்னொரு பக்கம் பிழைப்பு: பேங்க் வேலை, சமையல், பேரனின் ஸ்கூல் விழா, அதில் வரும் சிரிப்பு. இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்வதில்தான் சிக்கல். பேரன் மேய்ப்பன் வேஷத்தில் மேடையில் தலைப்பாகை அவிழ்ந்து நின்றதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த ஒரு பாட்டி, “அவரு போயி மூணு மாசம்கூட ஆவல, எனக்கு இன்னா சிரிப்பு” என்று ஒரு வாரம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு மருந்து. சுற்றி இருப்பவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த மாதத்தில் என்னை மிகவும் கலங்க வைக்கிறவர்கள் பிள்ளையை வயிற்றிலேயே இழந்த பெண்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிற ஒருவர் ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்தார். வீட்டில் அதைச் சாவு என்றே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெயர் வைக்கவில்லை, போட்டோ இல்லை, நினைவு ஜெபம் இல்லை. நட்சத்திரம்கூட ஏற்றினார்கள். கோயிலுக்குப் போனால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் பிரசங்கம் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி, குடிலில் தொட்டில், பாட்டெல்லாம் தாலாட்டு. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், “அடுத்த கிறிஸ்துமஸுக்கு உன் மடியில ஒண்ணு இருக்கும் பாரு” என்றார்கள். டிசம்பர் இரண்டாவது ஞாயிறோடு அவர் ஆராதனைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். விசுவாசம் குறைந்துவிட்டது என்று மாமியார் வருத்தப்பட்டார்.

அந்த மாமியாரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவருக்கும் முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்று போயிருந்தது என்று அன்றுதான் மருமகளுக்கே தெரிந்தது. இருவரும் சேர்ந்து அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆயர் வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஆயர்களுக்கு என் வேண்டுகோள்: பிறப்பைப் பற்றிப் பேசும் இந்த நாலு வாரங்களில் ஒரு ஞாயிறாவது, பிள்ளையை இழந்தவர்களையும் பொது ஜெபத்தில் நினையுங்கள். பிரசவத்தில் நேர்ந்த சாவுகளின் துக்கம் நம் ஊருக்கு அந்நியமில்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனரியின் மகள் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். அவர் திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

குழந்தையை இழந்த அந்த ஆம்பூர்ப் பெண் அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பியிருந்தார், சம்பளம் போய்விடும் என்று பயந்து. தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது, அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 26 வாரத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தால் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம்தான். பிரசவ விடுப்புக்கு உரிமை உண்டு. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிற இடமானால் அதன் வழியாகவும் இந்தப் பலன் வரும். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் பாட்டி இறந்திருக்கும், பையனுக்கு நட்சத்திரம் வேண்டும். கேட்டால் அடி விழும் என்று தெரியும். ஒரு பையன் சார்ட் பேப்பரில் வெட்டிய நட்சத்திரத்தைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பாட்டி மேல் பாசம் இல்லையா என்று அவனைக் கேட்காதீர்கள். குழந்தைகள் அரைமணி நேரம் அழுவார்கள், அடுத்த அரைமணி நேரம் விளையாடுவார்கள். பாட்டியின் போட்டோவுக்குப் பக்கத்தில் அதை ஒட்டச் சொன்னோம். இன்னொன்று, “பாட்டி தூங்குறாங்க” என்று சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு தூங்கப் பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. பாட்டி இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகச் சொல்வதைத் தாங்கும் சக்தி குழந்தைகளுக்கு இருக்கிறது.

ஆண்கள் வருவதே குறைவு. மனைவியை இழந்தவர், அக்கம்பக்கம் கொண்டாட்டத்தில் இருக்கும் ராத்திரிகளில் தனியாகக் குடிக்கத் தொடங்கி, ஜனவரியில் விழுந்து அடிபட்டுத்தான் வருகிறார். 24ஆம் தேதி மாலை அவரைத் தனியாக விடாதீர்கள். அன்று காந்தி ரோடு லாட்ஜ்களில் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் மேகாலயாவிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வந்து, ஜன்னல் கம்பியில் ஒரு சின்ன நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் அங்கே உண்டு. மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, கேக் கொடுக்கப் போகலாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்று கேட்பார்கள். அழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாப்பாட்டையும் பி.பி., சர்க்கரை மாத்திரையையும் வாரக்கணக்கில் நிறுத்திவிட்டாலோ, குளிக்காமல் யாரிடமும் பேசாமல் படுத்தே கிடந்தாலோ, குடி ஏறிக்கொண்டே போனாலோ கூட்டிக்கொண்டு வாருங்கள். நெஞ்சு வலி என்றால் துக்கம்தான் என்று தள்ளாமல் அன்றே இ.சி.ஜி. எடுங்கள். பெரும் மன அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் ‘டகோட்சுபோ’ என்ற நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்தார்கள். வயதான பெண்களுக்கு அது அதிகம் வருகிறது. ஏக்கமும் வேதனையும் ஆறு மாதம் தாண்டியும் கொஞ்சமும் குறையாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

“நானும் அவர்கூடப் போய்ச் சேர்ந்துட்டா போதும்” என்பதைத் துக்க வீட்டில் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஏக்கம். ஆனாலும் கேளுங்கள்: “உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைப்பு வருதாம்மா?” இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் பாரம் இறங்கிப் பேசுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள்; பூச்சிமருந்து, மீந்த மாத்திரைகளை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம் வேண்டாம். 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எந்த நேரத்திலும் 14416க்குப் போன் செய்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் மருத்துவர்களைப் பார்க்கலாம். பாகாயம் என்றதும் முகம் மாறுகிறவர்களுக்கு: அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவதுதான் நடைமுறை. யாரையும் தனியாக விட்டுவிட்டு வரமாட்டீர்கள்.

டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கி, பொங்கல் லீவும் முடிந்த பிறகுதான் என்னிடம் கூட்டம் அதிகம். டிசம்பரில் இரண்டு பேராவது எட்டிப் பார்த்த வீட்டுக்கு ஜனவரியில் ஒருவரும் போவதில்லை. ஆகவே கேரல் குழுவில் இருப்பவர்கள், சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருப்பவர்கள், அந்த வீட்டின் பெயரை நாட்காட்டியில் ஜனவரி மூன்றாம் வாரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது பலகாரம் வேண்டாம். மாத்திரை தீர்ந்துவிட்டதா, கேஸ் கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். போடவில்லை என்றால், அரைநாள் லீவு எடுத்து இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடவே போய் வாருங்கள்.