செயற்கை நரம்பணுப் பிணையம்: மின் பகிர்மானத்தில் ஒரு கலைச்சொல்

ஆர்ட்டிஃபிஷியல் நியூரல் நெட்வொர்க் என்னும் தொடரைத் தமிழில் செயற்கை நரம்பியல் வலையமைப்பு, நரம்பு வலை, நரம்பணுப் பிணையம் எனப் பலவாறாக எழுதுகிறோம். மின் பகிர்மானம் பற்றி எழுதும்போது இதில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்று விடையைக் கணிக்கும் கணினி நிரலும் நெட்வொர்க். துணைமின் நிலையத்திலிருந்து வீடுவரை மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கம்பித் தொகுதியும் நெட்வொர்க். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எது எதை மேம்படுத்துகிறது என்பதே விளங்காமல் போகும்.

நியூரான் என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் தசைநாண், நாண், யாழ்வகைக் கருவியின் தந்தி என்னும் பொருள்கள் இருந்தன. நரம்புக்கலத்துக்கு அப்பெயரை 1891இல் இட்டவர் ஜெர்மானிய உடற்கூற்றியலார் வால்டெயர். நம் சங்க நூல்களும் யாழின் தந்தியை நரம்பு என்றே சொல்வதால், நரம்பு என்னும் மொழிபெயர்ப்பு எதிர்பாராத அளவுக்குப் பொருந்துகிறது. ஆயினும் நரம்பு வலை என்று நிறுத்திவிட முடியாது. உடலில் நரம்பு என்பது செய்தியைக் கடத்தும் இழைக் கற்றை; அந்த வகையில் அது மின்கம்பிக்குத்தான் நெருக்கமானது. 1943இல் நரம்பியலாளர் மெக்கல்லாக்கும் தருக்கவியலாளர் பிட்ஸும் கணித வடிவில் எழுதிக்காட்டியதோ தனித்தனிக் கலத்தின் செயலை: வரும் குறிகள் ஓர் எல்லையைத் தாண்டினால் கலம் தூண்டப்படும், இல்லையேல் வாளாவிருக்கும். எனவே கலத்தைக் குறிக்கும் நரம்பணு என்பதே ஏற்றது. இலங்கை வழக்கில் நரம்புக்கலம் என்பார்கள், அதுவும் சரியே. நரம்பியல் என்பது ஒரு மருத்துவத் துறையின் பெயராதலால் அதை இங்கே நுழைப்பது பிழை என்பது என் கருத்து.

நெட்வொர்க் என்பதற்கு, கம்பித் தொகுதியை வலையமைப்பு என்றும் கணிக்கும் நிரலைப் பிணையம் என்றும் பிரித்து வழங்கலாம். இப்படிப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். பகிர்மான வலையமைப்பு, கட்டமைப்பில் வலையாக இருந்தாலும், இயங்கும்போது பெரும்பாலும் கிளைவிட்ட மரமாகவே இயங்குகிறது. துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் தடங்களான மின்னூட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சில நிலைமாற்றிகள் (சுவிட்சுகள்) வழக்கமாகத் திறந்தே வைக்கப்படுகின்றன. பழுது நேர்ந்தாலோ சுமை ஒருபுறம் மிகுந்தாலோ அவற்றை மூடி, வேறு சிலவற்றைத் திறக்கிறார்கள். இதற்கு வலையமைப்பு மறுசீரமைப்பு என்று பெயர்.

1989இல் பரான், வூ என்னும் இருவர் வெளியிட்ட 12.66 கிலோவோல்ட் மாதிரி வலையமைப்பை இன்றும் இத்துறையினர் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 33 முனைகளும் 37 இணைப்புகளும் உள்ளன. மரவடிவில் இயங்க ஐந்து இணைப்புகள் திறந்திருக்க வேண்டும். எந்த ஐந்து என்பதற்கு 4,35,897 வழிகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எங்காவது ஒரு முனையைத் துண்டித்துவிட்டு, வேறோரிடத்தில் மூடிய சுற்றை விட்டுவைப்பதால் செல்லாதவை. தொடக்க அமைப்பில் ஏறக்குறைய 202.7 கிலோவாட்டாக இருக்கும் மின்னிழப்பு, சரியான ஐந்தைத் திறந்தால் ஏறக்குறைய 139.6 கிலோவாட்டாகக் குறைகிறது. ஒரு கம்பிகூடப் புதிதாக இழுக்காமல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இழப்பு மிச்சமாகிறது.

இது ஒரே ஒரு சுமைநிலைக்கு உரிய விடை. சுமை மணிக்கு மணி மாறுவதால், ஒவ்வொரு முறையும் எல்லா வழிகளையும் தேடிக்கொண்டிருக்க இயலாது. இங்கேதான் நரம்பணுப் பிணையம் பயன்படுகிறது. பல்வேறு சுமைநிலைகளையும் ஒவ்வொன்றுக்கும் முன்னரே கண்டுவைத்த சிறந்த விடையையும் கொடுத்துப் பயிற்றினால், அதன் நரம்பணுக்களுக்கிடையிலான இணைப்புகளின் வலுவைக் குறிக்கும் எண்களான எடைகள் படிப்படியாகத் திருத்தமடைந்து, புதிய சுமைநிலைக்கும் நொடிப்பொழுதில் ஒரு விடையைத் தரும். அவ்விடை மரவடிவத்தைக் கட்டாயம் காக்கும் என்னும் உறுதி பிணையத்தின் இயல்பிலேயே இல்லாததால், மின்பாய்வுக் கணக்கிட்டுச் சரிபார்க்காமல் நிலைமாற்றியைத் தொடக் கூடாது.

இதே முறையை மின்தேக்கிகளைக் கட்டுப்படுத்துவதற்கு 1990இலும் மின்சுமை முன்கணிப்புக்கு 1991இலும் ஆய்வாளர்கள் எழுதிக்காட்டினார்கள். நடைமுறையில் வேரூன்றியது முன்கணிப்புதான்: நாளைய வெப்பநிலையும் இன்றைய சுமையும் கையில் இருக்கும்போது நாளைய சுமையை மதிப்பிடுவதில் ஒரு தவறு நேர்ந்தாலும் உடனடியாக எந்த முனையும் இருளில் மூழ்காது.