ஜவுளிக்கடைக்குள் கிழக்கு எது?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் யாரிடம் வழி கேட்டாலும் "கீழவீதியில திரும்பி தெற்கால போங்க" என்று திசை வைத்துத்தான் சொல்வார்கள். கோபுரம் தெரிகிறது, ஆறு கிழக்கே ஓடுகிறது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதுகுக்கே தெரியும். அதே ஆளை நாலு மாடி ஏசி ஜவுளிக்கடைக்குள் விட்டால், ரெண்டு திருப்பத்தில் வந்த வாசல் எந்தப் பக்கம் என்று முழிப்பார்.

கடைகளுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். முக்கால்வாசிக் குழப்பம் நாங்கள் செய்ததுதான். ஜன்னல் வைத்தால் அந்தச் சுவரில் அலமாரி வைக்க முடியாது, ஏசி செலவும் ஏறும், அதனால் ஜன்னலே கிடையாது. ஏறும் எஸ்கலேட்டரை ஒரு முனையிலும் இறங்குவதை மறு முனையிலும் வைத்தால், நடுவில் இருக்கும் சரக்கு முழுவதும் உங்கள் கண்ணில் பட்டே தீரும். வாங்க வந்ததை மறந்து சுற்ற வைக்கும் இந்த மயக்கத்துக்கு விக்டர் க்ரூயன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1956-ல் அமெரிக்காவில் திறந்த சவுத்டேல் ஷாப்பிங் மாலை வடிவமைத்த அவரே, பிற்காலத்தில் மால்களைத் திட்டித் தீர்த்தார்.

செல்போன் மேப்பை நம்ப வேண்டாம், கான்கிரீட்டுக்குள் சாட்டிலைட் சிக்னல் ஒழுங்காக வராது. சுவரில் மாட்டிய வரைபடமும் சந்தேகம்தான். ஒரே படத்தை அச்சடித்து நாலு சுவரிலும் மாட்டினால், நீங்கள் பார்க்கும் திசையோடு ஒரு சுவரில்தான் ஒத்துப்போகும்.

சரி, என்ன செய்யலாம்? சரக்கை அடையாளம் வைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியில் சுடிதார் இருந்த இடத்தில் தீபாவளிக்கு வேஷ்டி இருக்கும். நகர்த்த முடியாத படிக்கட்டு, லிஃப்ட், நடுவில் மேல்மாடி வரை திறந்திருக்கும் வெளி, இவற்றைப் பாருங்கள். எஸ்கலேட்டரில் ஏறி இறங்கியதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். கல்யாண ஜவுளிக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் "வாசல்ல நில்லுங்க" என்று பெரியவர்களிடம் சொல்லாதீர்கள், தெருப்பக்கம் ஒன்று, பார்க்கிங் பக்கம் ஒன்று என்று வாசலே ரெண்டு மூன்று இருக்கும். டெலிவரி கவுண்டர் என்று சொல்லுங்கள். பில்லைக் காட்டிப் பையை வாங்க எப்படியும் எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

அப்புறம் தீ. புகை சூழ்ந்தால் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த வாசலை நோக்கித்தான் ஓடுவார்கள், பக்கத்திலேயே அவசரப் படிக்கட்டு இருந்தாலும். வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகை எங்கே என்று ஒவ்வொரு மாடியிலும் பாருங்கள், அந்தக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பண்டிகை நேரத்தில் அநேகமாக அடுக்கியிருப்பார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், ஒரு பார்டர் கலருக்காக நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்கிறவர்கள்தானே நாம்.