வழியில் குதிரை தின்றது போக

நான்கு குதிரைகள் பூட்டிய ஒரு வண்டி. அதில் 2400 பவுண்டு தானியம். டெல்லோ பண்ணையிலிருந்து ரோஸ்டாக் துறைமுகச் சந்தைக்குப் போக வேண்டும். தூரம் ஐந்து மைல். பழைய ஜெர்மன் மைல் என்பதால் நம் கணக்கில் சுமார் 37 கிலோமீட்டர். குதிரை வெறும் வயிற்றில் நடக்காது. வண்டிக்காரனும் அப்படியே. போகும்போது தின்னும், திரும்பும்போதும் தின்னும். திரும்பும்போது வண்டி காலி, ஆனால் வயிறு காலியாக வராது. ஆக, ரோஸ்டாக்கில் ஒரு மூட்டைக்கு என்ன விலையோ அது டெல்லோ களத்து மேட்டில் அந்த மூட்டைக்குக் கிடையாது.

இதெல்லாம் எந்த விவசாயிக்கும் தெரிந்த சங்கதி. இந்தச் சங்கதியைக் கணக்கு நோட்டில் ஏற்றி, அதிலிருந்து ஒரு முழு அறிவியலையே கறந்தெடுத்தவர் ஒருவர்தான். புவியியல் படித்தவர்களுக்கு ஒரு நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாக வரைந்த படம் நினைவிருக்கும். ‘வான் தூனன் கோட்பாடு’ என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்திருப்பார்கள். அந்த வளையங்கள் பிறந்த இடம் பல்கலைக்கழகம் இல்லை. வடகிழக்கு ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில், டெடெரோ என்ற சிறு நகருக்கு அருகே இருக்கும் இந்த டெல்லோதான். ஊர் என்று சொல்வதே சற்று மிகை: ஒரு பண்ணை மாளிகை, தொழுவங்கள், களஞ்சியங்கள், கூலிக் குடும்பங்களின் வீடுகள், சுற்றிலும் 465 ஹெக்டேர் நிலம்.

யோஹான் ஹைன்ரிக் ஃபான் தூனன் 1783இல் வடகடலோரப் பகுதியில் பிறந்தவர். 1810இல் டெல்லோவை வாங்கினார். நெப்போலியன் பிரிட்டனுடனான வணிகத்தை முடக்கி வைத்திருந்த காலம் அது. கடல் வழியே தானியம் அனுப்பிப் பிழைத்த மெக்லென்பர்க் பண்ணைகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. வாங்கிய கையோடு தூனன் செய்த வேலை, கணக்கு எழுதியது. வரவு, செலவு என்று இரண்டு பத்தி எழுதும் கணக்கு இல்லை. எந்த வயலில் எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை குதிரை, எவ்வளவு விதை, எவ்வளவு எரு, என்ன மகசூல் என்று பிரித்துப் பிரித்து எழுதிய கணக்கு. 1810 முதல் 1815 வரையிலான அந்த ஐந்தாண்டு ஏடுகள்தான் பின்னர் 1826இல் வெளியான ‘தனித்த நாடு’ என்ற அவரது நூலுக்கு அடித்தளம்.

நூலில் அவர் வைத்துக்கொண்ட கற்பனை எளிமையானது. ஒரு பெரிய சமவெளி. எங்கும் ஒரே வளமுள்ள மண். நடுவில் ஒரே ஒரு நகரம். ஆறு இல்லை, கால்வாய் இல்லை, வெளியுலகத் தொடர்பு இல்லை. எல்லாச் சரக்கும் வண்டியில்தான் போக வேண்டும். மண்ணும் வானமும் எங்கும் ஒன்றே என்றால், எந்த இடத்தில் எதை விளைவிப்பார்கள்?

மண்ணை ஒன்றாக்கிவிட்டதால் மிஞ்சும் வேறுபாடு ஒன்றே ஒன்று: தூரம். இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அசையாமல் வைப்பார்களே, அதைத்தான் அவர் 465 ஹெக்டேர் பண்ணையில் உட்கார்ந்தபடி மனத்துக்குள் செய்தார்.

நகரத்தில் ஒரு ஷெஃபல் ரை தானியத்தின் விலை ஒன்றரை தாலர் என்று வைத்துக்கொண்டார். தாலர் அந்நாளைய ஜெர்மன் வெள்ளி நாணயம். ஷெஃபல் என்பது நம் மரக்கால்போல ஒரு முகத்தலளவை. சுமார் 55 லிட்டர் கொள்ளும். இனி அவருடைய சூத்திரம். 273இலிருந்து தூரத்தின் ஐந்தரை மடங்கைக் கழியுங்கள். அதை, 182உடன் தூரத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். தூரம் மைலில். வருவதுதான் பண்ணை வாசலில் ஒரு ஷெஃபலின் மதிப்பு. தூரம் சுழி என்றால் 273ஐ 182ஆல் வகுக்க, சரியாக ஒன்றரை தாலர். ஐந்து மைலில், அதாவது டெல்லோவில், 1.31 தாலர். பத்து மைலில் 1.14. இருபதில் 0.81. முப்பதில் 0.51. ஐம்பது மைலை நெருங்கும்போது ஒன்றும் இல்லை. அங்கிருந்து புறப்படும் வண்டி போய்த் திரும்புவதற்குள் மொத்தச் சுமையையும், அல்லது அதன் மதிப்பையும், குதிரைகளும் கூட வந்த ஆட்களும் தின்று தீர்த்திருப்பார்கள்.

ஆனால் தானியச் சாகுபடி ஐம்பது மைல் வரை போகாது. உழவு, விதை, அறுவடை என்று களத்திலேயே செலவு இருக்கிறதே. தூனன் கணக்கில் 31.5 மைலில், ஒரு ஷெஃபல் அரை தாலருக்கும் கீழே இறங்கும் இடத்தில், எல்லாச் செலவும் போக நில உரிமையாளர் கையில் மிஞ்சுவது சுழி. அதற்கு அப்பால் விற்பதற்காக ரை விதைப்பவன் நஷ்டத்தை அறுவடை செய்கிறான்.

இப்படிச் செலவு போக மிஞ்சுவதைத்தான் ‘நிலவாடகை’ என்றார். இரண்டு நிலங்கள் ஒரே மண்ணாக, ஒரே உழைப்பைப் பெற்றாலும், சந்தைக்கு அருகில் இருப்பது தன் உடைமையாளருக்கு வாடகை தருகிறது. தூரத்தில் இருப்பது தருவதில்லை. ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோ ஏறக்குறைய அதே காலத்தில் நிலவாடகைக்கு மண்ணின் வளத்தை முதன்மைக் காரணமாகக் காட்டிக்கொண்டிருந்தார். டெல்லோக்காரர் சாலையைக் காட்டினார்.

வளையங்கள் இதிலிருந்து தானாக வந்து விழுகின்றன. நகரத்தை ஒட்டிய முதல் வளையத்தில் காய்கறியும் பாலும். நீண்ட பயணத்தைத் தாங்காத சரக்கு. தவிர, நகரத்துக் குதிரை லாயங்களின் எருவைத் திரும்பும் வண்டியில் ஏற்றி வரலாம். இரண்டாவது வளையம் முதன்முறை பார்க்கும் எவரையும் திடுக்கிட வைக்கும்: காடு. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில், விலை மிகுந்த நிலத்தில் யாராவது மரம் வளர்ப்பார்களா? அடுப்புக்கும் குளிர்காலக் கணப்புக்கும் விறகே கதி என்றிருந்த காலத்தை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. விறகு கனமானது, மலிவானது. பத்து மைல் இழுத்து வந்தால் விறகின் விலையைவிட வண்டிச் செலவு முந்திக்கொள்ளும். ஆகவே அது பக்கத்திலேயே வளர்ந்தாக வேண்டும்.

அடுத்த மூன்று வளையங்களும் தானியத்துக்கு. விளைவது ஒன்றுதான், விளைவிக்கும் முறை வேறு. அருகில், தரிசே விடாமல் பயிரை மாற்றி மாற்றிப் போடும் முறை; ஆள் செலவு அதிகம். நடுவில், சில ஆண்டு தானியம், சில ஆண்டு மேய்ச்சல் என்று வயல்களைச் சுழற்றும் மெக்லென்பர்க் முறை. கடைசியில், மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தரிசாக விடும் பழைய முப்புல முறை. அதற்கும் அப்பால், ஐம்பது மைல் வரை, கால்நடை. மாடு தன் காலாலேயே சந்தைக்கு நடந்துவிடும். கூடவே கம்பளி, வெண்ணெய், மது. தானியமாக வண்டியில் ஏற்ற முடியாததை வடித்துச் சாராயமாக்கினால் எடை குறைகிறது, மதிப்பு கூடுகிறது. ஊர் ஒதுங்கியிருந்தால் சாராயம் ஏன் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு கறாரான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தானிய வளையங்களில் ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. தூனனின் ஆசிரியர்களில் ஒருவர் ஆல்பிரெக்ட் டேயர், ஜெர்மானிய வேளாண் அறிவியலின் பிதாமகர். இங்கிலாந்தின் பயிர்ச்சுழற்சியே சிறந்தது, தரிசு விடுவது பழம்பஞ்சாங்கம் என்பது டேயர் பள்ளியின் கருத்து. தூனன் மரியாதையோடு மறுத்தார். தானிய விலை உயர்ந்த இடத்தில் டேயர் சொல்வது சரி. விலை தாழ்ந்த இடத்தில் அதே முறை பண்ணையை ஓட்டாண்டியாக்கும். அங்கே தரிசு விடுகிறவனே புத்திசாலி. தொலைதூரக் கிராமத்தானைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அவனுக்கும் சந்தைக்கும் எத்தனை மைல் என்று கேட்க வேண்டும். வேளாண் அதிகாரிகள் சிலருக்கு இது இன்றைக்கும் எட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதே தர்க்கத்தை அவர் டெல்லோவுக்குள்ளும் ஓட்டினார். பண்ணைத் தொழுவத்திலிருந்து வயல் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, எருவண்டிக்கும் கதிர்வண்டிக்கும் நடைக்கும் அவ்வளவு நேரம் வீண். ஒரே பண்ணையின் இரண்டு வயல்களுக்கு இரண்டு மதிப்பு.

இனி உருளைக்கிழங்கு. நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கணக்கு வருகிறது. 100 ஷெஃபல் கிழங்கு விளைந்த நிலம். நான்கு ஆள் இறங்கினால் 80 ஷெஃபல் பொறுக்குவார்கள். ஐந்து ஆள் என்றால் 86.6. ஆறு ஆள் 91. ஏழு ஆள் 94. எட்டு ஆள் 96. ஒன்பது ஆள் 97.3. பன்னிரண்டு பேரை இறக்கினாலும் 99.2தான், மண்ணுக்குள் ஏதாவது தங்கத்தான் செய்யும். ஐந்தாவது ஆள் கூடுதலாகக் கொண்டுவந்தது 6.6 ஷெஃபல். எட்டாவது ஆள் 2. ஒன்பதாவது ஆள் 1.3. ஒருநாள் கூலி 1.6 ஷெஃபல் கிழங்கின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், எட்டாவது ஆளோடு நிறுத்த வேண்டும். ஒன்பதாமவர் பொறுக்கும் கிழங்கு அவர் கூலிக்குக் கட்டாது. நிலத்தில் கிழங்கு கிடந்து அழுகட்டும் என்று விடுவதே லாபம்.

பின்னாளில் பொருளியலார் ‘இறுதிநிலை உற்பத்தித்திறன்’ என்று பெயரிட்டது இதைத்தான். ஆனால் தூனன் இங்கே ஒரு கசப்பையும் கண்டார். கடைசி ஆள் எவ்வளவு ஈட்டித் தருகிறாரோ அதுவே எல்லா ஆட்களுக்கும் கூலியாகிறது. முதல் நான்கு பேரும் அதைவிட மிக அதிகம் ஈட்டித் தந்திருந்தாலும்.

அந்த ஆட்கள் யார்? மெக்லென்பர்க்கில் 1820 வரை சட்டப்படியான பண்ணையடிமைகள். அந்த ஆண்டு அடிமைத்தளை ஒழிக்கப்பட்டது. குடியிருக்கும் உரிமை மட்டும் கூடவே கொடுக்கப்படவில்லை. எங்கே குடியேறலாம் என்பது பண்ணையாரின் அனுமதியில் தொங்கியது. இருக்க இடமில்லாதவன் திருமணம் செய்வதும் எளிதாக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்லென்பர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியதற்கு இது ஒரு பெரிய காரணம். விடுதலை பெற்றவனுக்கு நிற்க இடம் இல்லை. பண்ணையாருக்கோ வேலைக்காரன் முன்னைவிட மலிவு.

தூனனும் பண்ணையார்தான். ஆனாலும் நியாயமான கூலி எது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடைசியில் ஒரு சூத்திரத்துக்கு வந்தார். ஒரு தொழிலாளிக் குடும்பம் உயிர்வாழத் தேவையானதையும், அந்த உழைப்பு விளைவித்ததையும் பெருக்கி, அதன் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். தேவை 4, விளைவு 9 என்றால் கூலி 6. பட்டினி எல்லைக்கு மேலே, முழு விளைவுக்குக் கீழே. இதன் நிரூபணத்தைப் பொருளியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கும் அது கணிதத்தைவிட மனசாட்சியாகத்தான் படுகிறது. ஆனால் அவர் சூத்திரத்தோடு நிறுத்தவில்லை. ஐரோப்பா முழுதும் கிளர்ச்சி வெடித்த 1848இல், டெல்லோவின் வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அதில் ஊர்த் தொழிலாளர்களுக்குப் பங்கு என்று ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவர் பங்கும் அவரவர் பெயரில் சேமிப்பாக ஏறும், வட்டி ஆண்டுதோறும் கையில் வரும், அசல் அறுபது வயதில்.

1850இல் அவர் இறந்தார். 1864இல் டெடெரோ வழியாக ரயில் ஓடியது. ரயில் பெட்டி வழியில் தன் சுமையைத் தின்பதில்லை. 273, 182 என்ற எண்கள் அன்றோடு காலாவதி. சரக்குச் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஓர் ஆறு சமவெளிக்குள் ஓடினால் வளையங்கள் எப்படி நீளும் என்று அவரே காட்டி வைத்திருந்தார் என்பதால், எண்கள் செத்தாலும் முறை சாகவில்லை. 1945இல் சோவியத் ஆளுகைக்குட்பட்ட ஜெர்மானியப் பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டுத் துண்டு போடப்பட்டன. மெக்லென்பர்க்கின் பண்ணையார் காலம் அத்துடன் முடிந்தது. டெல்லோவின் பண்ணை வளாகம் இன்று தூனன் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அவரது கல்லறை பக்கத்துக் கிராமமான பெலிட்ஸின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில். கல்லில் வளையங்கள் இல்லை. பொருளியலார் பெரும்பாலும் ஏற்காத அந்த வர்க்கமூலத்தைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.