சாம்பிள்: வெட்டிய நேரமும் விடை வந்த நேரமும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். வெள்ளிக் கட்டியின் தரம் பார்க்க முழுக் கட்டியையும் யாரும் சோதிப்பதில்லை. ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டி வைத்துக்கொண்டால் போதும். கட்டி அடுத்த வேலைக்குப் போய்விடும், துணுக்கு சோதனைக்குப் போகும். சோதிப்பதற்காக எடுத்துவைக்கும் இந்தப் பொன், வெள்ளித் துணுக்குக்குப் பழைய தமிழ் அகராதிகளில் ஒரு பெயர் இருக்கிறது: மச்சம்.

நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகண்ட்ரோலர்) என்ற சின்னக் கணினிச் சில்லில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏ.டி.சி. என்று பெயர். அது செய்வதும் இதுதான். மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு துணுக்கைச் சின்ன மின்தேக்கி ஒன்றில் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்துவிட்டு, உள்ளே நிதானமாக அதை எண்ணாக மாற்றும். அந்தத் துணுக்கை எடுப்பதைத்தான் சாம்பிளிங் என்கிறோம். சாம்பிள் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலமான இலத்தீன் 'எக்ஸெம்ப்லும்' என்பதற்கு, பலவற்றிலிருந்து வெளியே எடுத்தது என்று பொருள்.

சாம்பிளைத் தமிழில் 'மாதிரி' என்று எழுதுவது வழக்கம். புள்ளியியலுக்குச் சரி. ஆனால் துணுக்கு எடுக்க ஆகும் நேரமான சாம்பிளிங் டைமை 'மாதிரி நேரம்' என்று எழுதினால், எந்த மாதிரி நேரம் என்றுதான் கேட்கத் தோன்றும். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதால் 'பதம்' என்று வைக்கலாமே என்றும் யோசித்தேன். பானைச் சோறு முழுக்க ஒன்றுபோல் வெந்திருக்கும், எந்தச் சோற்றை எடுத்தாலும் ஒன்றுதான். மின்னழுத்தம் அப்படியில்லை, எப்போது எடுத்தோம் என்பதே முக்கியம்.

மின்னணுவியல் பழகுபவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற நுண்கட்டுப்படுத்திச் சில்லைப் பாருங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 128-ஆல் வகுத்து, ஏ.டி.சி.க்கு 125 கிலோஹெர்ட்ஸ் கொடுக்கிறார்கள். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரு மாற்றத்துக்கு இந்தக் கடிகாரத்தின் 13 துடிப்புகள், அதாவது 104 மைக்ரோ நொடி. ஆனால் தொடங்கிய ஒன்றரைத் துடிப்பிலேயே, 12 மைக்ரோ நொடியில், துணுக்கு வெட்டியாகிவிடும். அதற்கப்புறம் வெளியே மின்னழுத்தம் எப்படி மாறினாலும் விடையில் தெரியாது. கைக்கு வரும் எண் 90 மைக்ரோ நொடிக்கும் மேல் பழையது. ஏ.டி.சி.யை இயக்கிய பிறகு வரும் முதல் மாற்றத்துக்கு மட்டும் 25 துடிப்புகள் ஆகும். அதில் வெட்டு விழுவது பதிமூன்றரையாவது துடிப்பில்.

இந்த இரண்டு நேரத்தையும் பிரித்துப் பார்க்காமல் நான் ஏற்காட்டில் இரண்டு நாள் அல்லாடினேன். நண்பரின் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயும் களத்துக்கு, வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரியான தெர்மிஸ்டர் இரண்டு வைத்தோம். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஏ.டி.சி.யால் படித்த சில்லு எஸ்டிஎம்32எஃப்103 என்ற இன்னொரு நுண்கட்டுப்படுத்தி. ஒரு தெர்மிஸ்டரைக் கையில் பொத்தினால் மற்றதன் வெப்பமும் நகர்ந்தது! பனியில் வயர் நனைந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றினோம். ஒன்றும் சரியாகவில்லை.

வயரில் கோளாறே இல்லை. அந்தச் சில்லில் துணுக்கு வெட்டும் நேரத்தை நாமே அமைக்கலாம். நான் தொடாமல் விட்ட அமைப்பு 1.5 துடிப்பு. 14 மெகாஹெர்ட்ஸில் அது 0.11 மைக்ரோ நொடிகூட இல்லை. 100 கிலோஓம் தெர்மிஸ்டரும் அதே அளவு மின்தடையும் சேர்ந்தால் மின்தேக்கிக்குத் தெரிவது சுமார் 50 கிலோஓம். அவ்வளவு தடையைத் தாண்டி அந்த 8 பிகோஃபாரட் மின்தேக்கி நிரம்ப வேண்டும். கணக்குப்படி அந்த நேரத்தில் கால்பங்குகூட நிரம்பாது. மீதி எல்லாம் அதே மின்தேக்கியில் முந்தைய தெர்மிஸ்டர் விட்டுப்போன மிச்சம். 71.5 துடிப்பாக்கினேன், இரண்டும் தனித்தனியே நின்றன. மாற்றத்துக்கான 12.5 துடிப்பு எப்போதும்போல் அப்படியே இருந்தது.

அதனால் நான் இப்படி எழுதுகிறேன்: சாம்பிளிங் என்றால் மச்சமெடுப்பு, சாம்பிளிங் டைம் என்றால் மச்ச நேரம், எடுத்ததை மாறாமல் வைத்திருக்கும் ஹோல்டு என்றால் பிடிப்பு, கன்வர்ஷன் டைம் என்றால் மாற்ற நேரம். மச்சம் என்றதும் கன்னத்து மச்சம்தான் நினைவுக்கு வரும், மீனுக்கும் அதே பெயர் உண்டு. இருந்தாலும் மின்சுற்றுக்கு நடுவே படிக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நம்புகிறேன். களத்துப் பெட்டியின் நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'மச்ச நேரம் 71.5, குறைக்காதே.'