கண்ணுக்குள் பறந்த கொசு

தையல் வேலை செய்யும் பெண் அவர். வயது முப்பத்தைந்து இருக்கும். "இடது கண்ணுல கொசு பறக்கிற மாதிரியே இருக்கு டாக்டர், கையால விரட்டிக்கூடப் பார்த்துட்டேன்" என்றார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பத்து நாளாக விட்டுவந்த சொட்டு மருந்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஸ்டீராய்டு. கண்சிவப்பு குறைந்திருந்தது. ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கண் பாப்பா விரிய மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தேன். விழித்திரைக்கு முன்னால் இருக்கும் ஜெல் முழுக்கக் கலங்கல். பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் போல அதற்குள் ஒரு வெள்ளைத் திட்டு. எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் உவமையும் இதுதான். திட்டை ஒட்டிப் பழைய கறுப்புத் தழும்பு ஒன்று. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: டாக்ஸோபிளாஸ்மா.

இது புழு அல்ல, ஒரே ஒரு செல் கொண்ட ஒட்டுண்ணி. பூனையின் குடலில் பெருகி, மலத்தோடு வெளியே வருகிறது. வந்தவுடன் தொற்றாது, ஒரு நாளாவது ஆக வேண்டும். அப்புறம் மண்ணிலும் தண்ணீரிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். சரியாகக் கழுவாத கீரை, அரைவேக்காட்டு இறைச்சி, கொதிக்கவைக்காத தண்ணீர் என்று வாய் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் ஏறி விழித்திரையில் தங்கிவிடலாம். பூனையைத் தடவிக்கொடுத்தாலே வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள் பூனை மலம் அள்ளும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும்.

தண்ணீர் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2004-இல் கோயம்புத்தூரில் இந்த நோய் கொத்தாகக் கிளம்பியது. 248 பேரின் கண் பாதிப்பு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சந்தேகம் போய் நின்றது குடிநீர் விநியோகத்தில். 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரிலும் இதேபோல் நடந்தது. குழாய்த் தண்ணீரில் போடும் குளோரினுக்கு இந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு சாகாது. கொதிக்கவைத்தால் செத்துவிடும். அவ்வளவு எளிய வேலை.

சரி, அந்தச் சொட்டு மருந்து என்ன செய்தது? வெளிச் சிவப்பை மறைத்துப் பத்து நாளைத் தின்றுவிட்டது. ஸ்டீராய்டை மாத்திரையாகவோ ஊசியாகவோ தனியாகக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். எதிர்ப்பு சக்தி தணிந்து ஒட்டுண்ணி விழித்திரையை அரித்துக்கொண்டே போயிருக்கும். நாங்களும் ஸ்டீராய்டு கொடுப்போம்தான். ஆனால் முதலில் ஒட்டுண்ணிக்கான மாத்திரையைத் தொடங்கி, அதன் பாதுகாப்பில்தான்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. நாய்க்குட்டி மலம் கலந்த மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கு டாக்ஸோகாரா என்ற புழுவின் குஞ்சு விழித்திரைக்குப் போகலாம். மாறுகண்ணோ, கண் பாப்பாவில் வெள்ளையோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். கண் புற்றுநோயும் அப்படித்தான் தெரியும். பிரித்தறிவது எங்கள் வேலை.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வாரம் மாத்திரை கொடுத்தோம். கலங்கல் வடிந்தது, பார்வை பெரும்பாலும் திரும்பியது. தழும்பு தங்கிவிட்டது. அதன் ஓரத்தில் ஒட்டுண்ணி தூங்கிக்கொண்டிருக்கும், எப்போது வேண்டுமானாலும் விழிக்கலாம். அதனால் தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரைப் படிக்கச் சொல்லியிருந்தேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளி வரிசையில் முதல் ஆளாக நின்றார். "நேத்து ராகுகாலம் போட்டிருந்த எழுத்து கலங்குச்சு டாக்டர்." இந்த முறை திட்டு கடுகளவுதான் இருந்தது.